‘நான் தண்டச்சோறு’: இந்த எண்ணத்தை எழுதிப் பார்க்கும் தாளுக்கு உங்கள் ஊர்ச் சொற்கள் வேண்டும்

வணக்கம். வேலை தேடும் இளைஞர்களுக்காக ஒரு பக்கத் தமிழ்த் தாள் தயாராகிறது. விண்ணப்பத்தை மனிதர் யாரும் படிக்காமலே மென்பொருள் ஒதுக்கிவிடும் காலம் இது. பதில் வராததைத் தன் மதிப்பாகவே எடுத்துக்கொள்கிறவர்களுக்கான தாள்.

எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும், அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக்கின் சிகிச்சை முறையை ஒட்டி ஐந்து கட்டங்கள்: நடந்தது, மனதில் ஓடிய வாக்கியம், உணர்ச்சியின் அளவு (0–100), ஆதரவான சான்று, எதிரான சான்று. முடிவில் உணர்ச்சிக்கு மறுபடி எண். 80 என்பது 60 ஆனாலே நல்ல பலன். பூஜ்யத்தை எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது கட்டத்தில்தான் தடுமாற்றம். "கஷ்டமா இருந்துச்சு" என்று உணர்ச்சியை எழுதிவிடுவார்கள். அல்லது "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேள்வியாக எழுதுவார்கள். கேள்விக்குச் சான்று தேட முடியாது. "நான் தண்டச்சோறு" என்று கூற்றாக மாற்றினால்தான் அடுத்த கட்டங்கள் வேலை செய்யும். சான்றும் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்; "எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க" என்பது சேராது.

உங்கள் பக்கத்தில் இந்த எண்ணம் எந்தச் சொல்லில் வருகிறது? உதவாக்கரை, பூமிக்குப் பாரம் இரண்டும் கைவசம் உள்ளன. பெண்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் சொற்கள் அவசியம் தேவை. ‘பயனின்மை உணர்வு’ போன்ற மொழிபெயர்ப்புச் சொற்கள் வேண்டாம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தாளை வைத்துவிட்டு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்க வேண்டும். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இந்த வரியைத் தாளின் மேலே போடுவதா, கீழேயா? அதையும் சொல்லுங்கள்.