அப்புச்சியின் பிறந்த ஆண்டை உறுதி செய்வதும் அவர் வாழ்வை எழுதுவதும்: வழி சொல்லுங்கள்

சென்னிமலைப் பேரன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) 2025 தை மாதம், சென்னிமலைப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்து வீடான சாளையில், வாசல் வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே காலமானார். வருகிற தையில் முதல் திதி. அன்று உறவினர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் அச்சிடலாம் என்று மாமாக்கள் முடிவு செய்து, எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நான் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ஆதார் அட்டையில் அவர் பிறந்த நாள் 1.1.1935 என்று உள்ளது. அது விண்ணப்பத்தை நிரப்புவதற்காக யாரோ தோராயமாகச் சொன்னது. அம்மாயி (அம்மாவின் அம்மா) உயிரோடு இருந்தவரை, "அவர் சுக்கில வருஷத்து ஐப்பசியில், அடைமழையில் பிறந்தவர்" என்று சொல்லிவந்தார். அது எந்த ஆண்டு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்புச்சி ஆண்டு, தேதி சொல்லிப் பேசிய வழக்கமே இல்லை. "கவலை ஓட்டின காலத்தில்", "வாய்க்கால் வெட்டினபோது", "மோட்டார் வைத்த வருஷம்" என்று தண்ணீரை வைத்துத்தான் காலத்தைச் சொல்வார். கவலை என்பது மாடுகளைப் பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் முறை. கீழ்பவானி வாய்க்கால் வெட்டியபோது சொந்த வண்டியில் மண் அடித்ததாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். கிணற்றில் மோட்டார் வைத்த பிறகும் கவலை இறைத்த வடக்கயிற்றை அவர் வீசவில்லை. இன்றும் அது மாடு கட்டும் கட்டுத்தரை விட்டத்தில் தொங்குகிறது. அவர் பள்ளிக்குப் போனதில்லை, டைரி எழுதியதில்லை, கடிதமும் ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்ட ஒருவரின் பிறந்த ஆண்டை எப்படி உறுதி செய்வது, அவரைப் பற்றி எதை எழுதுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்காசிரியர்:

தம்பி, உங்கள் அம்மாயி சொன்ன சொல்லிலேயே விடை இருக்கிறது. அறுபது தமிழ் ஆண்டுகளில் சுக்கில மூன்றாவது. அது 1869இலும் 1929இலும் 1989இலும் சித்திரையில் தொடங்கியது. முதலாவதும் கடைசியும் உங்கள் அப்புச்சிக்குப் பொருந்த வழியில்லை. ஆகவே அவர் பிறந்தது 1929 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரையிலான ஐப்பசி. தை, மாசி, பங்குனியில் பிறந்திருந்தால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடியிருக்கும், ஐப்பசிக்கு அந்தக் குழப்பம் கிடையாது. குரோதி வருஷத்துத் தையில், தொண்ணூற்றைந்து வயது முடிந்த பிறகு அவர் இறந்திருக்கிறார்.

இதைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் பவானிசாகர் அணையின் வேலை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. வாய்க்கால் வெட்டியதும் அதே காலந்தான். ஆதார் கணக்குப்படி, வேலை தொடங்கியபோது அவர் பதின்மூன்று வயதுச் சிறுவன். அந்த வயதில் சொந்த வண்டியும் மாடும் வைத்து மண் அடித்திருக்க முடியுமா? சுக்கில வருஷக் கணக்குப்படி பார்த்தால் பத்தொன்பது வயது இளைஞன், அது இயல்பாகப் பொருந்துகிறது. அவருக்கு அறுபதாம் கல்யாணம் செய்திருந்தால் அது 1989 ஐப்பசியை ஒட்டித்தான் நடந்திருக்கும். வீட்டில் புகைப்படம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பத்திரம் எழுதுபவர்:

ஆசிரியர் ஐயா சொன்ன கணக்கோடு சில காகிதங்களையும் தேடிப் பாருங்கள். நிலம் வாங்கிய பத்திரத்திலோ பாகப்பிரிவினையிலோ, "இன்னாரின் குமாரர், வயது சுமார் 32, விவசாயம்" என்று எழுதியிருப்போம். 'சுமார்' என்பதால் ஓரிரு வருஷம் முன்பின் இருக்கலாம், ஆனால் ஆதாரைவிட நம்பகமானது. மூலப் பத்திரம் கையில் இல்லாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டுப் பெறலாம். மணியகாரரும் கணக்குப்பிள்ளையும் இருந்த காலத்துப் பிறப்புப் பதிவேட்டைத் தேடுவதானால், அவர் பெயரைத் தேடாதீர்கள். பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவதால், பெரும்பாலும் தந்தையின் பெயரும் 'ஆண்' என்ற குறிப்பும் மட்டுமே இருக்கும்.

எல்லாவற்றையும்விட மொய் நோட்டைத் தேடுங்கள். கல்யாணத் தேதியும், அன்று ஊரில் யார் யார் இருந்தார்கள், எந்த ஊர்களோடு கொண்டான் கொடுத்தான் உறவு இருந்தது என்பதும் அதில் இருக்கும். என் அனுபவத்தில், ஒரு குடும்பத்தின் உறவுகளை அவ்வளவு முழுமையாகக் காட்டும் காகிதம் வேறொன்றில்லை.

வெள்ளகோவில் மருமகள்:

எதை எழுதுவது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு, நாங்கள் செய்த பிழையைச் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன். எங்கள் அப்பாரு இறந்தபோது நாங்களும் ஒரு மலர் போட்டோம். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், அவருடைய தாராள குணத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒரு பக்கம். எல்லாம் உண்மைதான், ஆனால் பெயரை மாற்றினால் அது எந்தத் தாத்தாவுக்கும் பொருந்திவிடும். வேலிக்குக் கிளுவை எந்த மாதம் ஊன்றுவார், கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மழைக்குப் பின் எத்தனை நாள் ஆட்டை விடாமல் வைத்திருப்பார், சந்தையில் காளைக்கன்றின் எந்த உறுப்பை முதலில் தொட்டுப் பார்ப்பார் என்று எங்களில் ஒருவரும் எழுதவில்லை. போன வருஷம் என் மகன் இதையெல்லாம் கேட்டான். சொல்லக்கூடிய பெரியவர்கள் மூவரும் அதற்குள் போய்விட்டார்கள். அந்தக் குறை இன்னும் என் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது.

உங்கள் அப்புச்சி தண்ணீரை வைத்துக் காலத்தைச் சொன்னார் என்றால், மலரையும் அந்த வரிசையிலேயே எழுதுங்கள்: கவலை, வாய்க்கால், மோட்டார், ஆழ்துளைக் கிணறு. கவலை பற்றிய பகுதியை மட்டும் நீளமாக எழுதுங்கள். அதுதான் இனி கிடைக்காதது. மாடுகள் வாரியில் (கிணற்றையொட்டிய சரிவில்) இறங்கும்போது வடத்தின்மேல் எப்படி உட்கார்ந்தார், பின்னோக்கி ஏற்றும்போது என்ன சொல்லி அதட்டினார், காளைகளின் பெயர் என்ன என்று கேளுங்கள். மோட்டார் காலத்தை எழுதும்போது மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டங்களை விட்டுவிடாதீர்கள். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்ததையும், 1972இல் கோயம்புத்தூரை மாட்டுவண்டிகள் நிறைத்ததையும் நினைவில் வைத்திருப்பவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அப்புச்சி வண்டி கட்டிப் போனாரா என்று அவர்களிடம் கேளுங்கள். அவருடன் கவலை ஓட்டியவர் ஒருவராவது உயிரோடு இருந்தால், மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அவரைப் பாருங்கள்.

சென்னிமலைப் பேரன்:

மூவருக்கும் என் குடும்பத்தின் சார்பில் நன்றி. அறுபதாம் கல்யாணப் படம் கிடைத்தது. கொடுமுடிக் கோயிலில் எடுத்தது. அம்மாவின் மடியில் ஒரு வயதுக் குழந்தையாக நான் இருக்கிறேன். நான் பிறந்தது 1988 புரட்டாசி என்பதால் ஆசிரியர் ஐயாவின் கணக்கு அப்படியே பொருந்திவிட்டது. அட்டாலிப் பரணில் இருந்த தகரப் பெட்டியில் மொய் நோட்டும் கிடைத்தது. முதல் பக்கத்தில் 'விஜய வருஷம் வைகாசி' என்று இருக்கிறது, அதாவது 1953. எட்டணாவும் ஒரு ரூபாயுமாக எழுதியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர், அப்புச்சிக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அப்போது அவர் பதின்பருவப் பையனாம்.

நேற்று அவரைச் சாளைக்கு அழைத்து வந்தோம். விட்டத்தில் இருந்த வடத்தை இறக்கித் தரச் சொன்னார். வெகுநேரம் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "இது இருக்குது, வால்கயிறு எங்கே?" என்று கேட்டார். தண்ணீர் மொள்ளும் சாலின் அடியில் தைத்த தோலைத் தூக்கிப் பிடிப்பது வால்கயிறுதான் என்றும், அது சற்று நீண்டுவிட்டாலும் தண்ணீர் தொட்டிக்கு வராமல் கிணற்றிலேயே கொட்டிவிடும் என்றும், அந்த அளவைக் கண்ணாலேயே பார்த்துக் கட்டுவதில் அப்புச்சியை மிஞ்ச ஆளில்லை என்றும் சொன்னார். இதை நாங்கள் யாரும் இதற்கு முன் கேட்டதில்லை. நாளைக் காலை மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு கயிற்றையும் நுகத்தில் எப்படிப் பூட்டுவது என்று காட்டப்போகிறார்; சின்ன மாமா சந்தையிலிருந்து புதிதாக ஒரு கயிறு வாங்கி வைத்திருக்கிறார்.