தடைக்காலத்தில் படகுக் கருவிகள்: குடும்பக் குழுவில் ஒரு பேச்சு

ஏப்ரல் 14, காலை

சூசை சித்தப்பா: அனைவருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இன்று நள்ளிரவு முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் விசைப்படகு கரையில்தான் நிற்கும். பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்துக்கும் பெயிண்டுக்கும் எஞ்சினுக்கும் ஆண்டுதோறும் ஆள் சொல்லிவிடுகிறோம். ஆனால் இடம் காட்டும் ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் ஆகியவற்றைக் கெட்ட பிறகுதான் திறந்து பார்க்கிறோம். சென்ற வாரம் எட்வின் கூப்பிட்டது பக்கத்துப் படகுக்கே கேட்கவில்லை என்பதால், இவ்வாண்டு இவற்றுக்கும் நாள் குறித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எட்வின் அண்ணன்: கேட்டது, சித்தப்பா. கரகரவென்று கேட்டது.

பெரியப்பா: செலவு எவ்வளவு என்பதை முதலில் சொல்.

சூசை சித்தப்பா: பெரிய செலவு இல்லை, அண்ணா. வயர்லெஸ் செட் நன்றாக இருக்கிறது. கோளாறு ஆன்டெனா வயரில்தான். நேற்றுப் படகில் ஏறிக் கம்பத்தடியில் இருந்த இணைப்பைக் கழற்றினேன். மேலே சுற்றியிருந்த கறுப்பு டேப் வெயிலில் உரிந்து, உள்ளே உப்புத்தண்ணீர் புகுந்து, செம்புக் கம்பியெல்லாம் பச்சை பூத்திருந்தது. பச்சையும் கறுப்பும் தீரும் வரை வெட்டியெறிந்துவிட்டு, புதுக் கம்பி தெரியும் இடத்தில் கனெக்டரைப் பற்றவைத்து, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினால் போதும். ஆன்டெனா இப்படி இருக்கும்போது பேசிக்கொண்டே இருந்தால் செட்டே வெந்துபோகும். பிறகு ஆபத்துக்கு 16ஆம் சேனலை அழுத்தினாலும் எவருக்கும் எட்டாது.

லூர்து அத்தை: தம்பி, நீ பள்ளிக்கூடத்தை விட்டாலும் பள்ளிக்கூடம் உன்னை விடவில்லை.

எட்வின் அண்ணன்: ஜிபிஎஸ் இடத்தைச் சரியாகக் காட்டுகிறது. தேதி மட்டும் எந்தக் காலத்திலோ நிற்கிறது.

ஜெனி: அது கெட்டுப்போகவில்லை, அண்ணா. ஜிபிஎஸ் 1024 வாரங்களை எண்ணி முடித்ததும் மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரல் 6ஆம் தேதி அப்படித் தொடங்கியபோது, பழைய பெட்டிகள் சில ஏறக்குறைய 20 ஆண்டுகள் பின்னே போய்விட்டன. தயாரித்த கம்பெனி புதிய மென்பொருள் வெளியிட்டிருந்தால் இந்தத் தடைக்காலத்திலேயே ஏற்றிவிடலாம். கடலுக்குப் போகும் முதல் நாள் இரவு மட்டும் எந்தப் பெட்டியிலும் கை வைக்காதீர்கள். ஏற்றுவதற்கு முன், பெட்டியில் சேமித்த இடக்குறிகளான பாயிண்டுகள் அனைத்தையும் மெமரி கார்டில் எடுத்து வைத்தாக வேண்டும், ஏனென்றால் மென்பொருள் மாறும்போது சில பெட்டிகளில் எல்லாம் அழிந்துவிடும்.

பெரியப்பா: பாயிண்டுகள் பெட்டியை விட்டு வெளியே போக நான் சம்மதிக்க மாட்டேன்.

சூசை சித்தப்பா: அண்ணா, கரையில் தெரிந்த பனைகளையும் கோபுரத்தையும் நேர்சேர்த்துப் பார்த்து அப்பா கண்டுபிடித்த, மீன் கூடும் பாறைத்திட்டுகளான பார்களெல்லாம் இன்று அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, 1974ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பாக் நீரிணையில் வகுத்த எல்லைக்கோட்டின் புள்ளிகளும் அதில்தான் இருக்கின்றன. அவை அழிந்துபோனால், எல்லை தாண்டியதை இலங்கைக் கடற்படையின் படகு வந்துதான் எட்வினுக்குச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: "பழுது பார்த்துத் தருகிறேன்" என்று ஒருமுறை அந்தப் பெட்டியை வாங்கிப்போனவரின் படகு, மறுமாதமே அப்பாவின் பாரில் நின்றது.

லூர்து அத்தை: அவரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார், அண்ணா.

அந்தோணி மாமா: கடலுக்கு யாரும் பட்டா வாங்கவில்லை, மச்சான்.

ஜெனி: அந்த வழக்கைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எல்லைப் புள்ளிகளையாவது தனியாக எடுத்து வையுங்கள். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

எட்வின் அண்ணன்: படகு இருக்கும் இடத்தைக் கரைக்குத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டரையும் கழற்றி வீட்டில் வைத்துவிடட்டுமா?

சூசை சித்தப்பா: அரசு பொருத்திக் கொடுத்த கருவியை நாமாகத் தொடக் கூடாது, மீன்வளத்துறை அலுவலகத்தில் சொன்னால் அவர்கள் ஆள் அனுப்புவார்கள். நீ கவனிக்க வேண்டியது பாட்டரியை. முழுச் சார்ஜில் உள்ள பாட்டரி, எதையும் ஓட்டாமல் வைத்திருக்கும்போது 12.7 வோல்ட் அளவுக்குக் காட்ட வேண்டும், 12.2க்கு இறங்கினால் பாதிதான் இருக்கிறது என்று பொருள். அப்படியே இரண்டு மாதம் போட்டுவைத்தால் ஈயத்தகடுகளில் வெள்ளை படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி முறுக்கியிருப்பதையும் நேற்றுப் பார்த்தேன். வைத்தவர் யார் என்று நான் கேட்கவில்லை.

எட்வின் அண்ணன்: நடுக்கடலில் ஃபியூஸ் கடை இல்லையே, சித்தப்பா.

சூசை சித்தப்பா: ஐந்தாறு ஃபியூஸ்களைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக்கொண்டால் கடை தேவையில்லை.

லூர்து அத்தை: எக்கோ சவுண்டரைப் பற்றி யாரும் பேசவில்லையே. சென்ற ஆண்டு அதற்குத்தானே சண்டை வந்தது?

சூசை சித்தப்பா: நல்ல வேளை, அக்கா நினைவுபடுத்தினார்கள். படகின் அடியில் இருக்கும் அதன் முகத்தில் கொட்டலசு என்ற ஓட்டுயிர் ஒட்டினாலும் ஆழம் தாறுமாறாகக் காட்டும். அதை இரும்புச் சுரண்டியால் சுரண்டாமல் மரத்துண்டால் தேய்த்தெடுக்க வேண்டும். பெயிண்ட் அடிப்பவர் அந்த முகத்தையும் சேர்த்துப் பூசிவிடாமல் எட்வின் பக்கத்தில் நிற்க வேண்டும். தடைக்காலம் முடிந்த பிறகு, மாதம் ஒருமுறை பாட்டரியின் வோல்ட்டைப் பார்ப்பதும், கரையிலுள்ள வேறொரு படகோடு வயர்லெஸில் பேசிப் பார்ப்பதும், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பெட்டிகளைத் துடைப்பதும் போதும். இதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்கும் பொறுப்பை யார் ஏற்கிறீர்கள்?

லூர்து அத்தை: நோட்டை மட்டும் வாங்கித் தருகிறேன்.

பெரியப்பா: டேப்புக்கும் ஃபியூஸுக்கும் படகுக் கணக்கில் எழுதிக்கொள். சென்ற முறை போல் பாட்டரியை என் பெயரில் எழுதாதே. கார்டு எடுப்பதானால் அது என் பீரோவில்தான் இருக்கும்.

ஜெனி: உங்கள் பீரோவில் ஒன்று, சென்னையில் என்னிடம் ஒன்று என்று இரண்டு இருந்தால் நல்லது, பெரியப்பா.

பெரியப்பா: இரண்டாவதைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன்.

எட்வின் அண்ணன்: செவ்வாய்க்கிழமை படகைக் கரையேற்றுகிறார்கள், அப்பா, அதற்குள் சொல்லுங்கள். பாட்டரியை இன்று மாலையே இறக்கிவிடுகிறேன்.

அந்தோணி மாமா: பாட்டரி ஏற்ற என் லோடு ஆட்டோவை எடுத்துக்கொள், எட்வின்.

பெரியப்பா: வாடகைக்கு வண்டி பிடித்துக்கொள், எட்வின்.