மேற்குப் பார்த்த வாசலுக்கு மாற்றுக் கேமரா: எதைப் பார்த்து வாங்குவது?

செம்பருத்தி:

வணக்கம். சிங்கப்பூரின் சிராங்கூன் வட்டாரத்தில் நாங்கள் குடியிருக்கும் தரைவீட்டில், கார் நிறுத்துமிடக் கூரையின் ஓரத்தில் ஆறு ஆண்டுகளுக்கு முன் பொருத்திய கண்காணிப்புக் கேமரா இந்தப் பருவமழையோடு ஓய்ந்துவிட்டது. முதலில் இரவுப் படம் மட்டும் பனி படர்ந்தாற்போல வெளுத்தது. பிறகு மழை பெய்யும்போதெல்லாம் இணைப்பு அறுந்துபோய், வெயில் அடித்ததும் தானாகவே மீண்டுவந்தது. சென்ற வாரத்திலிருந்து அதுவும் இல்லை.

வீடு மேற்குப் பார்த்தது. கேமராவுக்கும் வாசல் இரும்புக் கதவுக்கும் 6 மீட்டர் தூரம் இருக்கும். பழைய கேமரா 1080பி ரகம்; மின்சாரமும் படமும் ஒரே கேபிளில் செல்லும் பிஓஇ வகை. கேபிள் சுவருக்குள் குழாய் வழியாக வீட்டுக்குள் வருகிறது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் ஏணியில்கூட ஏறாமல், நான்கு கேமரா கொண்ட புதுத் தொகுப்பையே போட்டுவிடலாம் என்று விலைப்பட்டியலை நீட்டினார். மகனோ, பேட்டரியில் ஓடும் வைஃபை கேமரா போதும் என்கிறான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பகலில் தனியாக இருக்கும் என் மாமியார், கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 250 வெள்ளிக்குள் முடியுமா?

ஈசூன்வாசி:

உங்கள் மகன் சொல்வதில் தவறில்லை, ஆனால் இடம் பொருந்த வேண்டும். நான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் பேட்டரிக் கேமராதான் வைத்திருக்கிறேன். 2023 மே மாதம் முதல் தாழ்வாரத்தை நோக்கிய கேமராவுக்கு முன் அனுமதி தேவையில்லை என்று விதி தளர்ந்த பிறகு வாங்கியது. அண்டை வீட்டாரின் கதவையோ சன்னலையோ அது பார்க்கக்கூடாது என்பதே நிபந்தனை. நிழலும் கூரையும் உள்ள இடம் என்பதால் குறையில்லாமல் ஓடுகிறது.

எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மின்கலத்தைச் சேமிப்பதற்காக அது எந்நேரமும் உறங்கிக்கொண்டே இருக்கும்; உடல் வெப்பம் உணர்ந்த பிறகே விழிக்கும். பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பி நடப்பவரின் முதுகைத்தான் பல நாள் பார்த்திருக்கிறேன்.

கேபிள்காரர்:

இருபது ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன் அம்மா. எந்தக் கேமரா வாங்குவது என்று கேட்பதற்கு முன், பழையது எதனால் போனது என்று பாருங்கள். மழையில் அறுந்து வெயிலில் மீள்கிறது என்றால் என் சந்தேகம் கேமராவின் மேல் இல்லை, அதன் வாலில் தொங்கும் இணைப்பின் மேல்தான். கேமரா உடல் ஐபி67 என்ற நீர்க்காப்புத் தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும்; ஆனால் அந்தத் தரம் வாலில் உள்ள செருகிக்கு இல்லை. கூடவே வரும் ரப்பர் உறையைப் பலர் பொருத்துவதே இல்லை. மின்சாரம் ஓடும் செருகியில் ஈரம் புகுந்தால் செம்பு முனைகள் பச்சை பூத்து அரித்துப்போகும். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை கொடுத்துப் புதியது மாட்டினாலும் அடுத்த பருவமழையில் இதே கதைதான்.

கேபிள் சுவருக்குள் இருப்பது உங்களுக்குக் கிடைத்த வரம். அதை விட்டுவிட்டு வைஃபைக்குப் போகாதீர்கள். அதிலும் பேட்டரி வகை மேற்கு வெயிலில் வேண்டவே வேண்டாம்: லித்தியம் மின்கலங்களைப் பொதுவாக 45 பாகை செல்சியசுக்கு மேல் மின்னேற்றம் செய்யக்கூடாது, பிற்பகல் வெயிலில் காயும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி அதை எளிதில் தாண்டும்.

அடுத்து முகம். எல்லோரும் மெகாபிக்சல் கேட்கிறார்கள், லென்ஸ் கேட்பதில்லை. அறிமுகமில்லாத ஒருவரின் முகத்தை உறுதியாக அடையாளம் காண, அவர் நிற்கும் தூரத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது தொழில்துறை அளவு. 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ 100 பாகை அகலத்தை விழுங்குவதால், 6 மீட்டரில் 14 மீட்டர் அகலக் காட்சி கிடைக்கும். உங்கள் பழைய 1080பி-யின் 1,920 பிக்சலை அதில் பரப்பினால் மீட்டருக்கு 135-தான் தேறும். அதே லென்ஸில் 4 மெகாபிக்சல் வாங்கினாலும் 180 அளவில் நின்றுவிடும். 4 மில்லிமீட்டர் லென்ஸோடு 4 மெகாபிக்சல் எடுத்தால் காட்சி 10 மீட்டராகக் குறுகி, 250-ஐத் தொட்டுவிடும். வாசலின் இரு ஓரங்கள் சற்றுக் கழியும். உங்களுக்குக் கதவுதானே முக்கியம்.

மேற்குப் பார்த்த கேமராவில் மாலை 5 மணிக்கு மேல் நிற்பவரின் முகம் கறுத்துவிடும். ஆகவே வெளிச்சத்தையும் நிழலையும் ஒருசேரத் தெளிவாகக் காட்டும் வைட் டைனமிக் ரேஞ்ச் உண்டா, அது 120 டெசிபல் உண்மையானதா, வெறும் டிஜிட்டல் பூச்சா என்று பெட்டியில் பாருங்கள். குவிமாட மூடி உள்ளது வேண்டாம். மூடி மங்கினால், இருட்டில் பார்க்கக் கேமரா பாய்ச்சும் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் தெறித்து, நீங்கள் சொன்ன அதே பனிமூட்டம் வரும். கடைகளில் டரெட் என்று கேளுங்கள், பந்து விழிபோல இருக்கும். ஒளியும் லென்ஸும் தனித்தனி என்பதால் இந்தத் தொல்லை குறைவு. சிலந்தி மட்டும் எதையும் விடாது, மாதம் ஒருமுறை துடைப்பத்தோடு போய்த்தான் ஆக வேண்டும்.

முத்திரைபார்ப்பவர்:

மேலே சொல்லாத ஒன்று. 2020-இல் சிங்கப்பூர் வீடுகள் உள்ளிட்ட பல வீட்டுக் கேமராக்களின் பதிவுகள் திருடப்பட்டு இணையத்தில் வெளியான செய்தி நினைவிருக்கும். அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு, இணையத்தில் இணையும் கருவிகளுக்கான பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் நான்கு நிலைகள். எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் என்ற பழக்கத்தை முதல் நிலையே விலக்குகிறது, நான்காம் நிலையில் ஊடுருவிச் சோதித்தும் பார்க்கிறார்கள். முத்திரை இல்லாத மலிவுப் பொருளை இணையக் கடையில் பார்த்து மயங்க வேண்டாம்.

பதிவைப் பொறுத்தவரை, விநாடிக்கு 4 மெகாபிட் என்றால் நாளொன்றுக்கு 43 ஜிகாபைட் ஆகும். 128 ஜிகாபைட் நினைவக அட்டை மூன்று நாள் கூடத் தாங்காது. ஆள் நடமாட்டம் உள்ளபோது மட்டும் பதியும்படி வையுங்கள். கேமராக்களுக்கென்றே வரும் நீடித்துழைக்கும் அட்டையை வாங்குங்கள்.

செம்பருத்தி:

அனைவருக்கும் நன்றி. கேபிள்காரர் ஐயா சொன்னது அப்படியே நடந்தது. சனிக்கிழமை மகன் ஏணியில் ஏறி இணைப்புப் பெட்டியைத் திறந்தான். உள்ளே எறும்புகள் மண்ணும் முட்டையுமாகக் குடித்தனம் நடத்தியிருந்தன. செருகியின் எட்டு முனைகளில் இரண்டு பச்சையாகிப் பொடிந்திருந்தன, ரப்பர் உறை பிரிக்கப்படாத பிளாஸ்டிக் பையிலேயே பெட்டிக்குள் கிடந்தது. முனையை வெட்டிப் புதுச் செருகி அழுத்தியதும் பழைய கேமரா உயிர் பெற்றுவிட்டது! ஆனால் இரவுப் படம் இன்னும் வெளுப்பாகவே இருக்கிறது. அதற்குக் காரணம் மங்கிய மூடிதான் என்று இப்போது புரிகிறது.

ஆகவே 4 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட 4 மெகாபிக்சல் டரெட் ஒன்றைத் தேடி நாளை மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்துக்குப் போகிறோம். பழையதைப் பின்கட்டுக்கு மாற்றலாமா, அல்லது எறிந்துவிடலாமா?

கேபிள்காரர்:

எறியாதீர்கள். பின்கட்டில் விளக்கு எரியும் இடமாகப் பார்த்து மாட்டி, அகச்சிவப்பு ஒளியை அமைப்பில் அணைத்துவிடுங்கள். பகலுக்கும் விளக்கொளிக்கும் அது இன்னும் நன்றாகவே பார்க்கும். ரப்பர் உறையை மட்டும் இந்த முறை பையிலிருந்து எடுத்து மாட்டிவிடச் சொல்லுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் சற்றே கீழே தொங்கி மேலேறும்படி வளைத்துவிட்டால், வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.