ஹைகோர்ட் வரை போன கொலைக் கேஸ்: கூடவே அலைந்தவர்கள் எழுதுங்கள்

கோபி தோட்டத்துக்காரன்:

எங்கள் சித்தப்பா கேஸில் அப்பீல் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊர்ப் பேரும் ஆள் பேரும் வேண்டாம். கோபி பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதம், கடலைக்குத் தண்ணீர் முறை. ராத்திரி 2 மணிக்கு எங்கள் முறை ஆரம்பிக்க வேண்டும். மேல்மடைக்காரர் மடையை அடைக்கவில்லை. வாய்ப்பேச்சு முற்றி, சித்தப்பா கையிலிருந்த மம்பட்டியைத் திருப்பி ஒரே ஒரு அடி. தலையில் பட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். எங்களுக்குப் பங்காளி முறை. நாங்கள் யோக்கியர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை.

செஷன்ஸ் கோர்ட்டில் 302, அதாவது கொலைக் குற்றம், ஆயுள். கோவை மத்திய சிறைக்கு மனுப் பார்க்கப் போனபோது வெள்ளைத் துணியில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவரை சித்திக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. தீர்ப்பு வந்து 60 நாளுக்குள் அப்பீல் போட்டோம். 14 மாதம் கழித்துத் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தார்கள். அப்புறம் அஞ்சு வருஷம் ஒன்றுமே நடக்கவில்லை. வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு சாவு, கிணறு இரண்டு தடவை வற்றியது. அவ்வளவுதான்.

இறுதி விசாரணைக்கு முன்னால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் நானும் அப்பாவும் வக்கீலைப் பார்க்கப் போனோம். பாரிமுனைப் பக்கம் சின்ன ஆபீஸ், மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவர். "பாதி ராத்திரியில மம்பட்டி எதுக்கு எடுத்துட்டுப் போனாரு? அதைத்தான் கேப்பாங்க" என்றார். அப்பா சிரித்துவிட்டார். "ஏனுங்க, தண்ணி கட்டப் போறவன் மம்பட்டி இல்லாம எப்பிடிங்க மடை திருப்புறது?" வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இது கீழ்க்கோர்ட் சாட்சியத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்றார். எங்களுக்குப் பகீரென்றது. எங்கள் பக்கத்துக் கோர்ட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, யார் தனியாகச் சொல்லப் போகிறார்கள்?

நல்ல வேளை, இருந்தது. கண்ணால் பார்த்த சாட்சி, அதுவும் அவர்கள் பக்கத்து ஆள், குறுக்கு விசாரணையில் ஒரே வரி சொல்லியிருந்தார்: "தண்ணீர் கட்டப் போகும்போது நாங்கள் எல்லோருமே மம்பட்டி கொண்டு போவோம்."

விசாரணை அன்றைக்கு சித்தியும் வந்தார். ஜட்ஜ் ஐயாகிட்ட நானே சொல்றேன் என்று ராத்திரி முழுக்க ரயிலில் ஒத்திகை. யாரும் கேட்கவில்லை. அப்பீலில் சாட்சிக் கூண்டுக்கே பெரும்பாலும் வேலை கிடையாது, கட்டுக் காகிதம்தான் பேசும். இரண்டு ஜட்ஜ், மொத்தம் முக்கால் மணி நேரம். அந்த ஒரு வரியை வக்கீல் வாசித்தார். திட்டம் போட்டுப் போகவில்லை, திடீர்ச் சண்டை, ஒரே அடி என்று 302-ஐ 304 ஆக்கி, அதாவது கொலையாகாத மரணக் குற்றமாக்கி, 5 வருஷமாகக் குறைத்தார்கள். வெளியே வந்து சித்தி கேட்டார்: "அப்ப ஜெயிச்சாச்சா?" ஏற்கனவே உள்ளே இருந்தது ஒன்றரை வருஷம். ஜாமீன் ரத்து. மீதியை இருக்க சித்தப்பா திரும்பப் போனார். இன்னும் வரவில்லை.

ஈரோடு குமாஸ்தா:

33 வருஷம் வக்கீல் ஆபீஸில் இருந்தவன். கேஸ் கட்டைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது எஃப்.ஐ.ஆரில் மாஜிஸ்திரேட் போட்ட கையெழுத்தைத்தான். கொலைக் கேஸில் கான்ஸ்டபிள் கையில் உடனே கொடுத்தனுப்புவார்கள், எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். என்று பெயர். வாங்கிய தேதியையும் மணியையும் மாஜிஸ்திரேட் கைப்பட எழுதுவார். ராத்திரி 10 மணிக்குப் பதிவானது மறுநாள் சாயந்திரம் போய்ச் சேர்ந்திருந்தால், நடுவில் உட்கார்ந்து யோசித்து எழுதினார்களோ என்ற கேள்வி வரும். அதனாலேயே கேஸ் விழும் என்றில்லை, காரணம் சொல்ல வேண்டும்.

உடுமலை சங்கர் கொலை, சாதி மாறிக் கல்யாணம் பண்ணினதற்காக நடந்த ஆணவக் கொலை, அதைப் பற்றி டீக்கடையில் இன்னமும் கேட்கிறார்கள். 2016 மார்ச்சில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெட்டினது கேமராவிலேயே இருந்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் கோர்ட் ஆறு பேருக்குத் தூக்கு போட்டது. தூக்கு என்றால் யாரும் அப்பீல் போடாவிட்டாலும் ஹைகோர்ட் உறுதி செய்தாக வேண்டும். 2020 ஜூனில் அங்கே ஐந்து பேருக்கு ஆயுளாகக் குறைந்தது, 25 வருஷம் கழியாமல் வெளியே வர முடியாது. ஒருவர், சதி பண்ணினார் என்று சொல்லப்பட்ட பெண்ணின் அப்பா, விடுதலை. "அதெப்படிங்க?" என்றால், வெட்டினது யார் என்றுதான் கேமரா காட்டும். சதி பண்ணினது யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

தாராபுரம் பழைய வி.ஏ.ஓ.:

நான் மறுபக்கம், போலீஸ் தரப்புச் சாட்சி. போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது. ஆனால் பிடிபட்டவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால் அந்தத் துண்டு மட்டும் நிற்கும், 2024 ஜூலைக்கு முன்பிருந்த பழைய சாட்சியச் சட்டத்தில் அது 27-வது பிரிவு. அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட எங்களையும் தலையாரியையும்தான் கூப்பிடுவார்கள். ஒரு கேஸில் பனைமரத்தடியில் அரிவாள் எடுத்தது நிஜம், என் கண்ணால் பார்த்தேன். பொருளை எடுத்ததற்கு எழுதும் மகஜரில் காலை 11 மணி என்று எழுதியிருந்தது. கூண்டில் கேட்டபோது, மத்தியானம் சோறு உண்டுவிட்டுப் போனோம் என்று உள்ளதைச் சொன்னேன். கீழ்க்கோர்ட் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஹைகோர்ட் எடுத்தது. என் சாட்சியத்தை நம்ப முடியாது என்று மூன்று வரி, ஆள் விடுதலை. அவன் செய்தானா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சந்தையில் பார்த்தால் கும்பிடுகிறான், நானும் பதிலுக்குக் கும்பிடுகிறேன்.

பவானிக்காரி:

நான் செத்தவர் வீட்டுப் பெண். அப்பீலில் எங்களுக்கு நாற்காலி கூடக் கிடையாது, அரசு வக்கீல்தான் எங்களுக்கும் வக்கீல். 2009-க்கு அப்புறம் விடுதலையை எதிர்த்து நாங்களே அப்பீல் போடலாம் என்று சட்டம் வந்தது, எங்களுக்கு அது தெரிவதற்குள் நாள் தாண்டிவிட்டது. தீர்ப்பில் எங்கண்ணன் பெயர் முதல் பக்கத்தோடு சரி. அப்புறமெல்லாம் 'இறந்தவர்', 'இறந்தவர்'.

கோபி அண்ணா, உங்களை ஒன்று கேட்கலாமா? அந்தப் பங்காளி தோட்டத்தில் இப்போது யார் தண்ணீர் கட்டுகிறார்கள்?

கோபி தோட்டத்துக்காரன்:

அவர் பையன், அம்மிணி. எங்கள் முறை 2 மணிக்கு. ஒன்றே முக்காலுக்கே மடையை அடைத்துவிட்டு, எங்கள் சாளையை, தோட்டத்து வீட்டை, பார்த்து டார்ச் லைட்டை ஒரு தடவை அடித்துவிட்டுப் போய்விடுகிறான். பேச்சுவார்த்தை கிடையாது.