ஸ்லைடிங் மைற்றர் சோ வாங்க வேண்டும், எது சரி?

வணக்கம் அண்ணாமாரே, மரவேலை தெரிந்தவர்கள் ஒரு யோசனை சொல்லுங்கோ.

சுன்னாகத்தில் வீட்டுக் கொட்டிலில்தான் என் பட்டறை. கதவு நிலை, யன்னல், இடைக்கிடை சாமித்தட்டு செய்கிறேன். இப்போது இருப்பது சாதாரண 10 அங்குல மைற்றர் சோ (பலகையைக் குறுக்காகவும் கோணத்திலும் வெட்டும் மின்வாள்; அங்குலக் கணக்கு பிளேடின் விட்டம்). 5 அங்குலத்துக்கு மேல் அகலமான பலகையைப் புரட்டிப் போட்டுத்தான் வெட்ட வேண்டும். இரண்டு வெட்டும் ஒரே கோட்டில் சந்தித்தால் அது அன்றைய அதிர்ஷ்டம்!

பிளேடுள்ள தலையை முன்னும் பின்னும் இழுத்து அகலமாக வெட்டக்கூடிய ஸ்லைடிங்கில் 8½ அங்குலமா, 10 அங்குலமா என்பதுதான் குழப்பம். சின்னது பாரம் குறைவு, பிளேடும் மலிவு. ஆனால் 3 அங்குல நிலைக்கட்டைக்கு அதன் வெட்டு உயரம் பெரும்பாலும் போதாது. அப்போ 10தான் என்று மனம் சொல்கிறது, பொக்கற் மறுக்கிறது.

இன்னொன்று, கொட்டில் ஒடுக்கம். தலை ஓடும் தண்டு பின்னால் நீளும் மெசினைச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. பொஷ் (Bosch) கொம்பனியில் முழங்கை போல மடியும் கையுள்ள மெசின் உண்டு, விலைதான் பயம். சித்தப்பா மலிவுக்கு வாங்கிய ஒன்றை முழுதாக இழுத்தால் தலை ஆடும். வெட்டிய பலகையில் மூலைமட்டம் வைத்தால் இடையில் வெளிச்சம் தெரியும். அதனால் கடையில் கையால் ஆட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன்.

தலை இரண்டு பக்கமும் சாய்வது உண்மையில் தேவைப்படுகிறதா? யாழ்ப்பாணத்தில் காபன் பிரஷ், பெயாரிங் எந்த மெசினுக்கு இலகுவாகக் கிடைக்கிறது?

பனஞ்சிலாகை (கூரைக்குப் போடும் பனைமரச் சட்டம்) வெட்டுபவர்கள் எத்தனை பல் பிளேடு போடுகிறீர்கள்? என்னுடைய 60 பல் பிளேடு சீக்கிரமே மழுங்கிப் புகைகிறது.