மடிக்கிற ஏறு முக்கோணம் பக்கவாட்டில் ஆடுகிறது, எந்த போல்ட் போடலாம்?

சின்னப்பட்டறை:
அவசரம். பையனுக்காக மரத்தில் ஏறு முக்கோணம் ஒன்று செய்தேன், இரண்டு ஏணிகள் மேலே போல்ட்டில் சேர்ந்து, குழந்தை ஏறி விளையாடுகிற சாமான். வீட்டில் இடம் குறைவு, விளையாடி முடித்ததும் மடித்துக் கட்டிலுக்குப் பின்னால் செருகிவிடலாம் என்பது கணக்கு. இரண்டு வாரம் நன்றாக நின்றது. இப்போது அவன் ஏறினாலே பக்கவாட்டில் ஆடுகிறது. நட்டை இறுக்கினால் அன்றைக்குச் சரி, மறுநாள் திரும்பவும் லொடலொட. நேற்று நான் மடிக்கும்போது மேல் மூட்டில் அவன் விரல் மாட்டி நகம் கறுத்துவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை. நல்ல போல்ட் எது?

இழைப்புளி:
குழந்தைக்கு என்ன வயது? என்ன மரம், எத்தனை மி.மீ. தடிமன்? படிகள் சட்டத்தை ஊடுருவி வெளியே வருகின்றனவா, பாதியில் நிற்கின்றனவா? விரித்த பிறகு மேற்கொண்டு விரியாமல் எது பிடிக்கிறது? படம் இருந்தால் போடுங்கள்.

மரத்தூள்:
எனக்குத் தெரிந்து இது காயாத மரம். ஈரம் வற்ற வற்றத் துளை தளரும், நட்டும் தளரும். இரண்டு மாதம் காயவைத்து மறுபடி இறுக்குங்கள்.

பழைய உளி:
ஒரு அளவுகூடச் சொல்லாமல் "எந்த போல்ட்" என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? வாரத்துக்கு ஒருவர் இப்படி வருகிறார். மூட்டு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு அப்புறம் மரத்தை அறுங்கள். குழந்தை ஏறுகிற பொருள் இது, பூந்தொட்டி வைக்கிற பலகை அல்ல.

சின்னப்பட்டறை:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். வயது 2 முடிந்து 3 மாதம். 18 மி.மீ. ப்ளைவுட், உயரம் 80 செ.மீ. படி 30 மி.மீ. உருட்டுக் கம்பு, 10 மி.மீ. ஆழத் துளையில் பசை போட்டு இறக்கியது. மேலே 8 மி.மீ. போல்ட், முழு நீளமும் மரை. விரிப்பை நிறுத்தக் கயிறு கட்டியிருக்கிறேன். படிக்குப் படி 14 செ.மீ.

மரத்தூள்:
ப்ளைவுட்டா? அப்படியானால் ஈரம் காரணம் இல்லை. நான் சொன்னதை விட்டுவிடுங்கள்.

இழைப்புளி:
கிடைத்துவிட்டது. முழுக்க மரை ஓடிய போல்ட் துளைக்குள் அரம் மாதிரி ராவும். ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் துளை கொஞ்சம் கொஞ்சமாக முட்டை வடிவமாகும். கழற்றிப் பார்த்தால் ஓரத்தில் கறுப்புத் தூள் இருக்கும். மரத்துக்குள் வரும் பகுதி வழவழப்பாக உள்ள பாதி மரை போல்ட் வாங்குங்கள், துளையில் உலோக புஷ் (போல்ட் உள்ளே சுழல்கிற சின்னக் குழாய்) இறக்குங்கள், இரண்டு சட்டத்துக்கும் நடுவில் வாஷர், வெளியே நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகத் தளராது).

பக்கவாட்டு ஆட்டம் அதனால் மட்டும் அல்ல. 10 மி.மீ. ஆழத்தில் நிற்கிற உருண்டைக் கம்புக்குத் தோள், அதாவது சட்டத்தின் முகத்தில் முட்டி நிற்கிற விளிம்பு, கிடையாது, சட்டம் சாய்ந்தால் தாங்காது. இரண்டு பக்கமும் கீழ்ப் படிக்குப் பதில் 10 செ.மீ. அகலப் பலகையைக் குறுக்கே கொடுங்கள். கயிற்றை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது இழுபடும், கழுத்திலும் சிக்கும். பூட்டக்கூடிய மரக் கை ஒன்று போதும்.

இரட்டையர் அம்மா:
அந்த 14 செ.மீ. நடுவிலிருந்து நடுவுக்கா, வெற்று இடைவெளியா?

சின்னப்பட்டறை:
வெற்று இடைவெளி.

இரட்டையர் அம்மா:
அப்படியானால் ஆட்டத்தைவிட முதலில் இதைப் பாருங்கள், தயவுசெய்து. விளையாட்டுத் திடல் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 1176, 89 மி.மீ.க்கும் 230 மி.மீ.க்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தலை சிக்கும் ஆபத்தாகப் பார்க்கிறது. இந்த வயதில் இடுப்பைவிடத் தலை பெரிது. கால் முதலில் நுழையும், உடம்பு வழுக்கி இறங்கும், தலை மட்டும் மாட்டும், கீழே காலுக்குத் தரை எட்டாது. உங்களுடையது நட்டநடுவில் இருக்கிறது. ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு கம்பு சேர்த்தால் 55 மி.மீ. ஆகிவிடும். அதுவரை மடித்து எடுத்து வையுங்கள்.

பழைய உளி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கூடவே, மேல் மூட்டின் மூலைகளைப் போல்ட்டை மையமாக வைத்து அரைவட்டமாக வெட்ட வேண்டும். அப்போது எந்தக் கோணத்தில் மடித்தாலும் சந்து ஒரே அளவில் இருக்கும். அதை 5 மி.மீ.க்குள் வைத்தால் விரல் நுழையாது. சதுர மூலை கத்திரிக்கோல் மாதிரி மூடும்.

மரத்தூள்:
ப்ளைவுட் விளிம்பில் சிலாம்பு ஏறும். நன்றாக உப்புத்தாள் போட்டு ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள், இயற்கையானது.

பழைய உளி:
கடையில் "காய்ச்சியது" என்று விற்கிற ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். இயற்கை என்று எழுதியிருந்தால் போதுமா? பொம்மைகளுக்கான இ.என். 71 பகுதி 3 தேறிய வார்னிஷ் வாங்கச் சொல்லுங்கள்.

மரத்தூள்:
நான் சொன்னது காய்ச்சாத பச்சை எண்ணெய். அதில் எதுவும் கலப்பதில்லை.

பழைய உளி:
அது காய வாரக்கணக்காகும். அதுவரை குழந்தை கையில் பிசுபிசுக்கும்.

இழைப்புளி:
எதைப் பூசினாலும், எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும்.

இரட்டையர் அம்மா:
எண்ணெய்ச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாமே. அவர் படி சேர்த்தாரா என்று தெரியவில்லை. இன்னொன்று. நீங்களே தூக்கி மேல் படியில் நிற்க வைக்காதீர்கள். முக்கோணத்துக்குப் பெயர் கொடுத்த ஹங்கேரி மருத்துவர் எம்மி பிக்லர் வலியுறுத்தியதும் இதுதான். தானாக ஏறிப் பழகுகிற குழந்தை தானாக இறங்கவும் மெல்லக் கற்றுக்கொள்ளும்.

சின்னப்பட்டறை (9 நாள் கழித்து):
படிகள் சேர்த்தாயிற்று, இடைவெளி 55 மி.மீ. ஆகிவிட்டது. போல்ட், புஷ், கீழ்ப் பலகை எல்லாம் மாற்றினேன், ஆட்டம் நின்றுவிட்டது. கழற்றியபோது கறுப்புத் தூள் இருந்தது. கயிறு போய் மரக் கை வந்துவிட்டது. மேல் மூலையை இன்னும் வட்டமாக வெட்டவில்லை, அதனால் அவன் தூங்கின பிறகுதான் மடிக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.