மறுமொழி: டைஹெட்ரலுக்கு 'ஏந்துகோணம்'

நண்பர்களுக்கு வணக்கம். விமானத்தின் இறக்கைகள் நுனியை நோக்கி மேலே உயர்ந்திருக்கும் கோணத்தை ஆங்கிலத்தில் 'டைஹெட்ரல்' என்பார்கள். அதற்குத் தமிழில் 'ஏந்துகோணம்' என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விக்கு இது பதில்.

> 'இருமுகக் கோணம்' என்ற சொல் கணிதத்தில் ஏற்கெனவே இருக்கும்போது புதிய சொல் எதற்கு?

ஐயா, அந்தச் சொல் இங்கே தவறான எண்ணைத் தந்துவிடும். கணிதத்தில் இருமுகக் கோணம் என்பது இரண்டு தளங்களுக்கு இடையே உள்ள கோணம். விமானத்தில் அளப்பதோ, ஒவ்வோர் இறக்கையும் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதை. இரண்டு இறக்கைகளும் 5 பாகை உயர்ந்திருந்தால் விமானம் கட்டுபவர் 5 என்பார்; வடிவியல் படித்த மாணவர் 170 என்பார். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு வெவ்வேறு விமானத்தைக் கட்டுவார்கள்.

நேற்று வந்த 'ஏற்றக்கோணம்' என்ற பரிந்துரையும் எனக்கு உடன்பாடில்லை. கோபுர உச்சியை அண்ணாந்து பார்க்கும் கோணம் என்று பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் அது ஆழமாக வேரூன்றிவிட்டது. பிடுங்கி நட முடியாது.

என் பரிந்துரை 'ஏந்துகோணம்'. ஏந்துதல் என்றால் கையில் தாங்குவதுதானே என்று ஒருவர் கேட்டிருந்தார். உயர்ந்து நிற்றல் என்ற பொருளும் அதற்கு உண்டு. யானையின் மேல்நோக்கி உயர்ந்த தந்தத்தைப் பழம்பாடல்கள் 'ஏந்துகோடு' என்கின்றன. அப்படி உயர்ந்த இறக்கையை 'ஏந்திறக்கை' என்று சொன்னால் படமே கண்ணில் தெரிகிறது.

இந்த ஒரு சொல்லுக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம், நாம் தயாரிக்கும் கையேடு ரேடியோவால் இயக்கும் சிறு மின்விமானத்தை முதன்முதலாக வாங்கப்போகிறவருக்கானது என்பதுதான். கடையில் அவர் கண் நேராகப் போர்விமான மாதிரிகளின் மேல்தான் போய் நிற்கும். அவை எடைக்கேற்ற இறக்கைப் பரப்பு இல்லாதவை. வேகம் குறைந்தால் ஓர் இறக்கை சட்டென்று சரிந்துவிடும். புதியவருக்கு வேண்டியது உடலுக்கு மேலே இறக்கை அமைந்த, மெதுவாகப் பறக்கும், நன்கு ஏந்திய இறக்கையுள்ள நுரை விமானம்.

ஏந்துகோணம் என்ன செய்கிறது? காற்று தள்ளியோ, கை தவறியோ விமானம் இடப்பக்கம் சாய்கிறது என்று வையுங்கள். சாய்ந்ததும் அந்தப் பக்கமாகச் சறுக்கத் தொடங்கும். பக்கவாட்டிலிருந்து வரும் காற்றை, தாழ்ந்த இறக்கை கூடுதலான தாக்குகோணத்தில் (இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம்) சந்திக்கிறது. அதற்குத் தூக்குவிசை கூடுகிறது, மறு இறக்கைக்குக் குறைகிறது. விமானம் தானாகவே நிமிர்கிறது. பதறிப்போன புதியவர் கையிலுள்ள ரேடியோ கருவியின் குச்சிகளை விட்டுவிட்டாலும், போதிய உயரம் இருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு பயனும் உண்டு. வாலில் செங்குத்தாக உள்ள சுக்கானைத் திருப்பினால் மூக்கு பக்கவாட்டில் விலகும், சறுக்கல் பிறக்கும், அதே விளைவால் விமானம் சாய்ந்து வளையும். எனவே அய்லரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடல்) இல்லாமலேயே சுக்கான், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால்மடல்), மோட்டார் வேகம் என மூன்று சேனலில், அதாவது மூன்று கட்டுப்பாடுகளில், பறக்க முடிகிறது. ஜெர்மனியின் மல்டிபிளெக்ஸ் நிறுவனத்தின் முதல் ஈஸிஸ்டார் விமானம் அப்படிப்பட்டது. அதில் மோட்டார் இறக்கைக்குப் பின்னால் இருப்பதால், மூக்கு குத்தி விழுந்தாலும் விசிறிக்கு ஆபத்து குறைவு.

வாங்கும்போது அளந்து பார்க்கும் முறையையும் கையேட்டில் சேர்க்க வேண்டும். இறக்கையை மட்டும் மேசைமேல் வைத்து, ஒரு பாதியைத் தட்டையாக அழுத்திப் பிடித்தால் மறுபாதியின் நுனி மேலே எழும். அந்த நுனியின் உயரத்தை அடிக்குச்சியால் அளக்கவும். பாதி இறக்கை 60 செ.மீ. நீளமும் நுனி 10 செ.மீ. உயரமும் என்றால் மொத்தக் கோணம் ஏறத்தாழ 9.6 பாகை. அதில் பாதி, 4.8 பாகை, ஏந்துகோணம். அய்லரான் இல்லாத விமானத்துக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் நல்லதே.

இறக்கை தூக்குவிசையை இழப்பதைக் குறிக்கும் 'ஸ்டால்' என்பதற்கு 'நின்றுபோதல்' வேண்டாம். மோட்டார் நின்றுவிட்டதாகவே படிப்பவர் நினைப்பார். 'தூக்கிழப்பு' போதும்.

இறக்கை பல இடங்களில் மடிந்து உயரும் பாலிஹெட்ரலுக்குப் 'பல்கோணம்' என்று யாரும் எழுதிவிடக் கூடாது. அது வடிவியலின் சொத்து. 'பன்மடிப்பு ஏந்திறக்கை' என்று எழுதலாம்.

எனக்கு இன்னும் பிடிபடாதது எதிர்ச்சொல்தான். நம் விமானப்படையின் இல்யூஷின்-76 சரக்கு விமானம் போன்றவற்றில் இறக்கைகள் நுனியை நோக்கித் தாழ்ந்திருக்கும். அதற்குத் 'தாழ்கோணம்' சரியா, 'தொங்குகோணம்' சரியா? பறக்கவிடும் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.